ஷம்மாவின் இடது முன்னங்கால்

போன மாதம் அல் ஐனிலிருந்து பஷீர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். லாயத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவன் அவன். குதிரையின் குளம்பில் பசையைத் தடவி, பிளாஸ்டிக் லாடம் ஒன்றை வைத்துக் கையால் அழுத்திப் பிடிக்கிறான். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆணி இல்லை, சுத்தியல் இல்லை, சத்தமே இல்லை. கூடவே குரலில் ஒரு செய்தியும் இருந்தது.

"பாய், இனிமே யாரும் யாரையும் கைஃப் கேக்க வேணாம். நீங்க ஒரு தடவ சொல்ல ஆரம்பிச்சிட்டுப் பாதியில எழுந்து போயிட்டீங்களே, அந்த எரிமலைக் கதை, அத எழுதி அனுப்புங்க. இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்றேன்."

மூன்று வாரம் பதில் போடவில்லை. எழுபத்திரண்டு வயதில் பழைய புண்ணைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி ரஹீமா சொன்னாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் பஷீர் இதை வீரக் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். குதிரை, எரிமலை, பாலைவனம் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது வீரக் கதை இல்லை என்பதையாவது சொல்லிவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

என் அத்தா ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு லாடம் கட்டியவர். ஜட்கா போனதும் நான் கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஆறு வருஷம் திட்டும் உதையும் வாங்கினேன். உதைத்தது பெரும்பாலும் குதிரைகள்தான். பிறகு ஒரு ஏஜெண்டு மூலம் வளைகுடாவில், அல் ஐனில் ஒரு தனியார் லாயத்துக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊருக்கு வளைகுடா முழுக்கத் துபாய்தான். துபாயில் என்ன வேலை என்று தெருவில் கேட்டால், குதிரைக்குச் செருப்புப் போட்டுவிடுகிற வேலை என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

லாயத்தின் சொந்தக்காரரை எல்லோரும் அர்பாப் என்று அழைப்போம். முதலாளி என்று அர்த்தம். எங்கள் விசாவுக்கெல்லாம் அவர்தான் கஃபீல், அதாவது பொறுப்பாளி. லாயத்தை நடத்தியது டாக்டர் ஹாஷிம் என்ற சூடான்காரர், கால்நடை மருத்துவர். நெட்டையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் லாயத்துக்குள் நுழைந்தால் முதலில் குதிரைகளின் காலைத்தான் தொடுவார். ஒவ்வொரு குளம்பாகப் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மனிதர்களுக்கு ஸலாம். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். ஒரு குட்டைப் பென்சிலைக் காதில் செருகியிருப்பார். அந்தப் பென்சிலை எடுத்து அவர் எதையாவது எழுதினால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று பொருள்.

அவர் போட்ட சட்டம்தான் கைஃப், தமாம்.

குளம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஓரமாக வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். கோட்டுக்கு வெளியே இருப்பது நம் நகம் மாதிரி. ஆணி இறங்கினாலும் வலிக்காது. கோட்டைத் தாண்டினால் உயிர்ச் சதை. நல்ல இடத்தில் ஏறும் ஆணி சுத்தியலுக்குக் கெட்டியான சத்தம் கொடுக்கும். சதைப் பக்கம் சாய்ந்துவிட்டால் சத்தம் மொத்தையாகிவிடும், கைக்கும் அது தெரியும். ஆனால் குதிரையின் காலை மடியில் இடுக்கிக்கொண்டு குனிந்திருப்பவனுக்கு அதன் முகம் தெரியாது. தலையைப் பிடித்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வோர் ஆணிக்கும் நான் 'கைஃப்?' என்று கேட்க வேண்டும். எப்படி என்று அர்த்தம். தலையைப் பிடித்திருப்பவர் குதிரையின் கண்ணையும் காதையும் பார்த்து 'தமாம்' என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரி என்று அர்த்தம். தமாம் வராமல் அடுத்த ஆணியைத் தொடக் கூடாது. சந்தேகம் என்றால் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் அயோடின் விட்டு, ஒரு நாள் முழுக்க அந்தக் குதிரையை நிறுத்திவைக்க வேண்டும். தமாம் என்று சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கால் கெட்டால் சொன்னவர்தான் பொறுப்பு.

மற்ற ஆட்கள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நான் கைஃப் என்று வாயைத் திறப்பதற்குள் தமாம் வந்துவிடும். சிவராசா ஒருவர்தான் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்.

சிவராசா யாழ்ப்பாணப் பக்கம் நெடுந்தீவுக்காரர். அங்கே குதிரைகள் காட்டில் தாமாகவே திரியுமாம். "எங்கட தீவில ஆடு மாடு மாதிரித்தான் அண்ணை குதிரையும்" என்பார். என்னைவிட மூன்று வயது இளையவர். ஷம்மா என்ற சாம்பல் நிறப் பெண் குதிரை பிறந்தபோதே தாயை இழந்தது. அதற்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் இவர்தான். அர்பாப்புக்கு ஷம்மா என்றால் உயிர். ஷம்மாவுக்குச் சிவராசா என்றால் உயிர்.

"என்னா சிவா, தமாம் சொல்ல இவ்ளோ நேரமா? குதிரை காதுல போய்க் கேட்டுட்டு வர்றியா?" என்று சீண்டுவேன்.

"ஓம் அண்ணை. அவள் சொன்னால்தானே நான் சொல்லலாம்."

அவருக்கு ஊரில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், வயதான தாய். அங்கே சண்டை மூண்டுவிட்டிருந்தது. அவர் வயது ஆண்களைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டு போகிறார்கள், லீவில்கூட வந்துவிடாதே என்று கடிதம் மேல் கடிதம் வரும். மூன்று வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. குடும்பம் முழுவதையும் விமானத்தில் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அதற்கான காகிதங்கள் கைக்கு வர இன்னும் ஆறேழு மாதம் ஆகும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். "இந்த விசா இருக்கும் மட்டும்தான் அண்ணை எனக்கு உயிர்" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். அர்பாப்பின் மைத்துனர் ஒருவருக்கு சவூதியில், மதீனாவுக்கும் வடக்கே, ஒரு பண்ணை இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் மேட்டு நிலம், அணைந்த எரிமலைகள். எரிமலை கக்கிய குழம்பு ஆறி, கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்புக் கல்லாகக் கிடக்கும். ஹர்ரா என்பார்கள். அதைக் குறுக்கே கடந்து, வழியிலுள்ள ஆட்டுப் பண்ணைகளில் தங்கி, ஆறு நாளில் மறுபுறம் இன்னொரு பண்ணைக்குப் போய்ச் சேருவது என்று திட்டம். குதிரையில்தான் போக முடியும், வண்டி போகாது. ஷம்மாவில் அர்பாப், மற்றவற்றில் மைத்துனர், அவர்கள் நண்பர் ஒருவர், டாக்டர், மூட்டைக் குதிரைகளில் சிவராசாவும் நானும். மொத்தம் ஆறு குதிரைகள்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரே நினைப்புதான். ரஹீமாவையும் மகளையும் அழைத்துக்கொள்ளக் குடும்ப விசாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அர்பாப் கையெழுத்துப் போட வேண்டும். பயணம் முடிந்து வந்ததும் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. நான் அவளைப் பார்த்தது மொத்தமே ஐம்பது நாள் இருக்கும். லீவில் போனபோது என்னைப் பார்த்து, "மாமா வந்திருக்காரு" என்று தாயிடம் போய்ச் சொன்ன பிள்ளை அவள்.

லாரியில் குதிரைகளை ஏற்றி மூன்று நாள் போய் மைத்துனர் பண்ணையில் இறங்கினோம். மறுநாள் விடிந்ததும் புறப்பாடு. குதிரைகளின் குளம்பைப் பார்த்த மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெறும் லாடத்தோடு ஹர்ராவில் இறங்கினால் ஒரே நாளில் உள்ளங்கால் கிழிந்துவிடும், தோல் அட்டை வைத்துக் கட்டியாக வேண்டும் என்றார். அது உண்மைதான். அந்தக் கல்லை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். உலைக்களத்தில் கசடு இறுகிக் கிடக்குமே, அப்படி இருந்தது. முனையெல்லாம் கத்தி.

ஆறு குதிரைகளின் முன்னங்கால்கள், மொத்தம் பன்னிரண்டு. அல் ஐனில் பத்து நாளைக்கு முன்புதான் லாடம் கட்டியிருந்தேன். அதைப் பிடுங்கிவிட்டு, நடுவில் தோல் அட்டை வைத்து, தாரும் சணலும் அடைத்து மறுபடி கட்ட வேண்டும். புது ஓட்டைக்குக் குளம்பில் இடம் இருக்காது. அட்டை மூடிக்கொள்வதால் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆணியும் ஒரு அளவு நீளமாக வேண்டும். நிதானமாகச் செய்தால் இரண்டு நாள் வேலை. எனக்குக் கிடைத்தது ஒரு மத்தியானம். டாக்டர் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் தீவனத்துக்கும் லாரியில் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

பதினோரு கால் முடிந்தது. கடைசியாக ஷம்மாவின் இடது முன்னங்கால். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு முறிந்துவிடும் போல வலி. அர்பாப் வந்து, "காதர், ஷம்மா காலையில் தயார்தானே? யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

உள்பக்கம் மூன்றாவது ஆணி. நாலாவது அடியில் சத்தம் மொத்தையாகிவிட்டது. மடியிலிருந்த கால் வெடுக்கென்று ஒரு தடவை இழுத்தது.

"கைஃப்?" என்றேன்.



"கைஃப், சிவா?"

"அண்ணை, அவள் திடுக்கிட்டவள். கண் ஒருமாதிரிக் கிடக்கு. வந்து பாருங்கோ."

"ஈ கடிச்சிருக்கும்."

"ஈயோ?"

"ஈதான்யா. பொழுது போயிடுச்சு, சொல்லு."

அந்த ஆணியைப் பிடுங்கினால் சட்டப்படி ஷம்மா ஒரு நாள் நிற்க வேண்டும். ஷம்மா நின்றால் அர்பாப்பின் பயணம் நிற்கும். என் கையால் நின்றது என்றால் அந்தக் கையெழுத்து என்ன ஆகும்? இவ்வளவும் குனிந்த தலையோடு யோசித்தேன். கையில் சுத்தியல் இருந்தது. குறடு பக்கத்திலேயே கிடந்தது. கையை நீட்டினால் போதும்.

"சிவா, எனக்காகச் சொல்லுப்பா."

"தமாம்" என்றார். அந்த மனிதர் குதிரையைக் கேட்காமல் சொன்ன ஒரே தமாம் அதுதான்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. கறுப்புக் கல்லுக்கு நடுவில் திடீரென்று பேரீச்ச மரங்களும் கிணறும் ஆட்டுப் பட்டியுமாகப் பண்ணைகள் வரும். பட்டிக்காரர்கள் பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள். தூரத்தில் எரிமலைகள், வாய் பிளந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். அர்பாப் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ஷம்மாவின் காலைத் தவிர வேறு எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் இடது காலைக் கொஞ்சம் தாங்கி வைத்தாள். என் கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர் இறங்கியதும் வழக்கம்போலக் குளம்பில் புறங்கையை வைத்தார். அட்டையும் தாரும் சூட்டை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். கல் மேல் நடந்த அலுப்பு என்று நினைத்துத் தண்ணீரில் நிறுத்தச் சொன்னார். சிவராசா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்ததும், "அண்ணை, இப்பவாவது கழட்டிப் பாப்பமோ?" என்று கேட்டார்.

"காலையில பாக்கலாம்" என்றேன்.

காலையில் நடையைப் பார்த்தபோது நொண்டல் அவ்வளவாகத் தெரியவில்லை. குளிர்ந்த தண்ணீர் வலியை மரத்துப்போக வைத்திருக்கும். அர்பாப் ஏறிவிட்டார். நானும் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு எரிமலையின் தோளில் ஏறி மறுபக்கம் இறங்கினோம். இறக்கம் முழுக்க உதிரிச் சரளை, கால் வைத்தால் வழுக்கும். இறக்கத்தில் குதிரைக்கு முன்னங்கால்தான் பிடிமானம். ஷம்மா இடது காலை ஊன்றப் பயந்து பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டாள். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நடந்தது. வலது கால் சரளையில் இறங்கியது, உடம்பு சாய்ந்தது, காய்ந்த கிளை முறிகிற சத்தம் கேட்டது. அர்பாப் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பு உடைந்து கிடந்தார். ஷம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். வலது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தனியாகத் தொங்கியது.

குதிரைக்கு அப்படிக் கால் உடைந்தால் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. டாக்டர் அர்பாப்பைப் பார்த்தார். அர்பாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினார். சிவராசா ஷம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டார். "ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் துப்பாக்கியோடு வந்து அவரை விலகச் சொன்னார். அவர் கடைசி நிமிஷம் வரை விலகவில்லை.

அந்தப் பாறையில் குழி தோண்ட முடியாது. கல்லைக் குவித்துத்தான் மூட வேண்டும். அதற்கு முன்னால் டாக்டர் என்னிடமிருந்து குறட்டை வாங்கி, உடையாத இடது காலின் லாடத்தைத் தானே கழற்றினார். ஒவ்வோர் ஆணியாக இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்பக்கம் மூன்றாவது ஆணி வந்தபோது அதோடு கறுப்பாகச் சீழ் வந்தது. அவர் அதைத் துடைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் அரபியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"காதர், இந்த ஆணிக்குக் கைஃப் கேட்டாயா?"

"கேட்டேன் டாக்டர்."

"பதில்?"

"தமாம்."

இரண்டும் உண்மை. இன்றைக்கும் ஒரு கோர்ட்டில் நிறுத்திக் கேட்டால் அதையே சொல்லலாம். ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை.

டாக்டர் சிவராசாவிடம் திரும்பினார். "அவள் அசைந்தாளா?"

சிவராசா என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் குனிந்து, கீழே கிடந்த அரத்தை எடுத்துப் பையில் வைத்தேன். அதை அப்போது பையில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"தமாம் எண்டு நான்தான் சொன்னன்" என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு அதையே அரபியில் சொன்னார்.

டாக்டர் மறுபடி என் பக்கம் திரும்பி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா, காதர்?"

"மாஃபி" என்றேன். ஒன்றுமில்லை.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவன் கோழை. நாற்பது வருஷமாக வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. டாக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அர்பாப் சிவராசாவைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "கலாஸ்." முடிந்தது. சிவராசா ஷம்மாவின் தலைக்கயிற்றைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கல் பொறுக்கப் போனார். நானும் பொறுக்கினேன்.

அல் ஐனுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் அவருக்கு விசா கேன்சல் ஆகி, கொழும்புக்கு டிக்கெட் வந்தது. அந்த ஒன்பது நாளும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே டாக்டர் அறை வாசல்வரை போவேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவேன். ஏழாம் நாள் அர்பாப் கட்டுப் போட்ட தோளோடு வந்து, இடது கையால் கோணல்மாணலாக என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுக்ரன் என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஏர்போர்ட்டுக்கு லாயத்துப் பிக்கப்பில் நானும் போனேன். வழியெல்லாம் அவர் புதிதாகப் பிறந்த இரண்டு குட்டிகளைப் பற்றித்தான் பேசினார். எது கடிக்கும், எதற்கு வயிறு உப்பும் என்று. இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டதும் என் கையைப் பிடித்தார்.

"அக்காவையும் பிள்ளையையும் கெதியாக் கூப்பிடுங்கோ. அண்ணை, இனி ஈ கடிச்சாலும் ஒருக்காப் பாருங்கோ, என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் ரஹீமாவும் மகளும் வந்தார்கள். மகள் அல் ஐனில்தான் அ, ஆ கற்றாள். அவள் என்னை அத்தா என்று கூப்பிட ஆரம்பித்த நாளில் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று ரஹீமா நினைத்தாள்.

டாக்டர் ஹாஷிம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் லாடம் கட்டும்போதெல்லாம் குதிரையின் தலையைத் தானே வந்து பிடித்துக்கொள்வார். நான் கைஃப் என்று கேட்பேன். அவர் பார்த்துத் தமாம் சொல்வார். வேறு பேச்சுக் கிடையாது. வேறு யாரையும் எனக்காகத் தலை பிடிக்க அவர் விட்டதில்லை. சூடானுக்குத் திரும்பிப் போகும்வரை அப்படித்தான் நடந்தது.

சிவராசா போய் ஒன்றரை வருஷம் கழித்து லாயத்து முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்திய ஸ்டாம்பு. மண்டபம் அகதி முகாமிலிருந்து, தவமணி என்று கையெழுத்து. சிவராசாவின் மனைவி. 'காதர் அண்ணை அறிவது. இவர் அங்கே திரும்பி வந்தாரோ என்று அறிய எழுதுகிறேன். வந்திருந்தால் நானும் பிள்ளைகளும் மண்டபத்தில் சுகமாக இருக்கிறோம் என்று சொல்லவும்.' மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு.

அடுத்த லீவில் மண்டபம் போனேன். முகாமில் விசாரித்து, நீளமாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தவமணி வாசலிலேயே, "வந்தவரோ அண்ணை?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். உள்ளே பாய் போட்டு உட்காரச் சொன்னார். பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

சிவராசா ஊருக்குப் போய் வெளியே தலைகாட்டாமல் எட்டு மாதம் இருந்திருக்கிறார். பிறகு நெடுந்தீவிலிருந்து ஒரு வள்ளத்தில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்துவிட ஏற்பாடு. கரைக்கு வந்தால் வள்ளத்தில் ஆள் அதிகம். தாயை ஏற்ற இடமில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வள்ளத்தில வாறன்" என்று சொல்லிக் கரையில் நின்றிருக்கிறார். மறுநாள் அந்தப் பக்கத்தை ராணுவம் சுற்றி வளைத்ததாம். தாயை ஒரு வீட்டில் விட்டுவிட்டு இவரைக் கொண்டு போனதாக ஒருவர் சொன்னார். இல்லை, வேறு வள்ளத்தில் ஏறினதைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் தவமணி அல் ஐன்வரை கடிதம் போட்டிருக்கிறார்.

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்டு கேக்கட்டே அண்ணை? குதிரை விழுந்தது தன்ர பிழை எண்டுதான் சொன்னவர். தான் வடிவாப் பாக்காமல் தமாம் சொல்லிப்போட்டன் எண்டு. எனக்கு அதை நம்ப ஏலாமக் கிடக்கு. அந்த மனிசன் குதிரையில கவனமில்லாமல் இருப்பாரோ?"

அப்போதும் மாஃபி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த அறையில் என்னைக் கேள்வி கேட்க டாக்டர் இல்லை, பென்சில் இல்லை. ஆனால் நான் சொன்னேன். ஆணியின் சத்தம், ஈ என்று நான் சொன்னது, எனக்காகச் சொல் என்று கேட்டது, என் மகளின் விசா, டாக்டரிடம் சொன்ன கடைசி வார்த்தை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தவமணி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. எழுந்து போ என்று சொல்லவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். குடித்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அவர் எப்பவாவது அங்கை வந்தால், நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம் எண்டு மறக்காமச் சொல்லுங்கோ" என்றார்.

"சொல்றேன் தங்கச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த லாயத்தில் இருந்தேன். வேலைக்குப் புது ஆட்கள் பிக்கப்பில் வந்து இறங்கும்போதெல்லாம் கையிலிருக்கும் குதிரைக் காலைக் கீழே விட்டுவிட்டு எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். பஷீர், நீ வந்து இறங்கிய அன்றைக்கும் அப்படித்தான் எழுந்து நின்றேன். மரியாதைக்கு எழுந்ததாக நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.